பின்சீட்டிலிருந்து பார்த்தால்: நான்கு மின் ஸ்கூட்டர்கள்

2020 ஜனவரியில், ஒரே மாதத்தில், மூன்று மின் ஸ்கூட்டர்கள் வந்தன: பஜாஜ் சேத்தக், டிவிஎஸ் ஐக்யூப், ஏத்தர் 450எக்ஸ். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஓலா எஸ்1. அன்றிலிருந்து சிக்னலில் எது வந்து பக்கத்தில் நின்றாலும் விளக்கு, வளைவு, பேனல் பொருந்தும் இடுக்கு என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பச்சை விழுந்ததுகூடத் தெரியாது. இந்த நான்கில் சேத்தக்கைத் தவிர மற்ற மூன்றும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உருவாகின்றன என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஏத்தரும் டிவிஎஸ்ஸும் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில்.

இப்போது எங்கள் வீட்டுக்கே ஒன்று வாங்க வேண்டும். அதனால் ஒரு சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினேன். அம்மா புடவை கட்டுபவர், பின்னால் ஒருபக்கமாக உட்காருபவர். எங்கள் வீட்டு வண்டி 20 லிட்டர் தண்ணீர் கேனையும், மாதம் ஒருமுறை 25 கிலோ அரிசிச் சிப்பத்தையும் சுமந்தாக வேண்டும். அன்றுவரை எல்லா வண்டியையும் ஓட்டுபவனின் கண்ணால்தான் பார்த்திருந்தேன். அன்று எல்லாவற்றிலும் பின்சீட்டில்தான் முதலில் உட்கார்ந்தேன்.

அழகு என்று மட்டும் கேட்டால் ஏத்தர் 450தான். சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய நிறுவனம். பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை எடுத்து அதில் பேட்டரியைத் திணிக்காமல், காகிதத்தில் முதல் கோட்டிலிருந்து வரைந்த வண்டி என்பது பார்த்தவுடன் தெரியும். பேட்டரி காலுக்குக் கீழே, அலுமினியச் சட்டத்துக்குள் படுத்திருக்கிறது. கனம் கீழே இருப்பதால் மேலே உடம்பை இளைக்க வைக்க முடிந்திருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: முன்சக்கரத்துக்கு மேலே தொடங்கும் கோடு ஒரே மூச்சில் வால்விளக்கு வரை போய் முடிகிறது. 2024 ஜனவரியில் வந்த 450 அபெக்ஸில் பின்பக்கப் பேனலை ஒளி ஊடுருவும்படி செய்து, உள்ளே இருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டத்தையே காட்டினார்கள். தங்கள் வேலையில் இவ்வளவு நம்பிக்கை இருந்தால்தான் அதைத் திறந்து காட்டத் துணிவு வரும். எனக்கு அது மிகவும் பிடித்தது.

ஆனால் அந்த இளைத்த உடம்புக்கு விலை கொடுப்பது பின்னால் இருப்பவர். சீட் வால்பக்கம் போகப் போகக் குறுகுகிறது. இருபக்கமும் கால் போட்டு உட்காரும் இளைஞருக்குச் சரி, ஒருபக்கமாக உட்காருபவருக்கு மிஞ்சுவது ஓரம்தான். ஃபுட்போர்டிலும் ஓட்டுபவரின் பாதம் போக அதிக இடம் இல்லை. தண்ணீர் கேனை அங்கே வைத்தால் முட்டியை அகட்டிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

சேத்தக் நேர் எதிர். மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். 1972இல் வந்த பழைய சேத்தக், வெஸ்பாவின் வழிவந்தது. எங்கள் அப்பா அதைக் காலையில் ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டு உதைப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. புதிய சேத்தக் அந்தப் பழைய வண்டியை அப்படியே நகலெடுக்கவில்லை. அதன் குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்சக்கரத்தை ஒற்றைப் பக்கத்தில் தாங்கும் அமைப்பு அதில் ஒன்று. வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராடினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். 1946இல் வந்த முதல் வெஸ்பாவிலேயே அவர் இப்படி ஒற்றைக் கை வைத்ததால் சக்கரத்தைப் பக்கவாட்டில் எளிதாகக் கழற்ற முடிந்தது. முக்கால் நூற்றாண்டு தாண்டி அந்த யோசனை இன்னும் ஓடுகிறது.

இன்னொன்று, தகடு. சேத்தக்கின் பக்கப் பேனலை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், 'ணங்' என்று கேட்கும். பிளாஸ்டிக் பேனலில் 'டப்' என்றுதான் வரும். உலோகத்தை வளைத்து எடுக்கும்போது வரும் பளபளப்பே வேறு. வெயிலில் வண்டியைச் சுற்றி வந்தால் ஒளி அந்த வளைவில் வழுக்கிக்கொண்டு போவது தெரியும். அப்புறம், தெருவில் யாராவது இடித்து நசுங்கினால் டிங்கர் பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். விரிசல் விட்ட பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலும் புதுப் பேனல்தான் வழி.

முதலில் வந்த சேத்தக்கின் டிக்கி சிறியது. 2024 டிசம்பரில் வந்த 35 வரிசையில் பேட்டரியை ஃபுட்போர்டுக்குக் கீழே கொண்டுபோனார்கள். சீட்டுக்குக் கீழே 35 லிட்டர் இடம் கிடைத்தது, சீட்டின் நீளமும் 80 மில்லிமீட்டர் கூடியது. நான்கு விரல் அகலம், அவ்வளவுதான். ஆனால் பின்சீட்டில் அந்த நான்கு விரல்தான் இடுப்புக்குக் கிடைக்கும் நிம்மதி. வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் இதைச் செய்ததற்காகவே அந்த வடிவமைப்பாளர்களைப் பாராட்ட வேண்டும்.

ஓலா எஸ்1இன் கதை ஆம்ஸ்டர்டாமில் தொடங்குகிறது. எட்டர்கோ என்ற டச்சு நிறுவனத்தை ஓலா 2020இல் வாங்கியது. அவர்களின் ஆப்ஸ்கூட்டர்தான் எஸ்1இன் மூலம். இரட்டை வட்ட விளக்கு, உருண்டு திரண்ட உடம்பு, கண்ணில் படாத இணைப்புகள். கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பது போல இருக்கும். பத்து நிறங்களில் வந்தது வேறு. ஆனால் முதல் எஸ்1இன் ஃபுட்போர்டு தட்டையாக இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஸ்கூட்டரில் யார் அரிசிச் சிப்பம் ஏற்றப் போகிறார்கள்? அங்கே வரைந்தபோது அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பிறகு எஸ்1 ஏர் தட்டையான ஃபுட்போர்டோடு வந்தது. 2023இல் வந்த இரண்டாம் தலைமுறை எஸ்1 ப்ரோவிலும் தட்டைதான். முதல் எஸ்1இன் முன்சக்கரத்தில் இருந்த ஒற்றைக் கையும் போய், சக்கரத்தை இருபுறமும் தாங்கும் வழக்கமான இரட்டை ஃபோர்க் வந்தது. வடிவ ரசிகனாக அந்த ஒற்றைக் கை போனதில் எனக்கு வருத்தம். ஃபுட்போர்டு விஷயத்தில் துளி வருத்தமும் இல்லை.

ஐக்யூப்பைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது, அதுவே அதன் பலம். தூரத்தில் வரும்போது மின் வண்டி என்றே தோன்றாது. நேர்க்கோடுகள், அகலமான சீட், தட்டையான ஃபுட்போர்டு, மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே. சில மாடல்களில் 32 லிட்டர் டிக்கி. எதுவும் கண்ணை இழுக்காது, எதுவும் இடிக்காது. பெட்ரோல் ஸ்கூட்டரில் பழகிய கையும் காலும் தானாக அதனதன் இடத்துக்குப் போய்விடும். எனக்கு அதன் முகம் பிடிக்கவில்லை. தட்டையாக, யாரையும் பார்க்காதது போல இருக்கிறது. ஆனால் அம்மா எந்த யோசனையும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தது இதில்தான்.

சரி, இனி ஏத்தருக்கே திரும்ப வேண்டும். 450இல் பின்சீட்டைப் பற்றி நான் சொன்ன குறைக்கு அவர்களே 2024 ஏப்ரலில் ரிஸ்டா என்று பதில் சொன்னார்கள். அதைப் படத்தில் முதன்முதல் பார்த்தபோது மனம் விட்டுப்போனது. 450ஐ வரைந்த கையா இப்படி ஒரு பெட்டியை வரைந்தது என்று நினைத்தேன். நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது. 450இல் ஓட்டுபவரைச் சுற்றி வரைந்த கோட்டை இதில் இருவரைச் சுற்றி வரைந்திருக்கிறார்கள். சீட் நீண்டு, கடைசிவரை அகலம் குறையாமல் போகிறது. அதைத் திறந்தால் 34 லிட்டர். ஃபுட்போர்டில் கேனை நிறுத்தினால் இருபுறமும் பாதத்துக்கு இடம் இருக்கிறது. பக்கக் கோட்டின் ஓட்டம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் எங்கும் அலட்சியமாக ஒரு வளைவு இல்லை.

அம்மா ரிஸ்டாவில் ஏறி உட்கார்ந்தார். முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிடித்துக்கொள்ள எதையும் தேடாமல் கை தானாக என் தோளுக்கு வந்தது.

"இதுல முதுகை நேரா வச்சு உட்காரலாம் கண்ணு."

சேத்தக் 35இன் சீட்டிலும் ஒருமுறை உட்கார வைத்தேன். தகட்டை அம்மாவும் தட்டிப் பார்த்தார். "பாத்திரம் மாதிரி கெட்டியா இருக்கு," என்றார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் போட்டி இந்த இரண்டுக்குள்தான். நான்கையும் வரிசையில் நிறுத்தி ரசிக்கச் சொன்னால் 450இன் முன்னால்தான் இன்னமும் நிற்பேன். வீட்டுக்கு என்றால் என் ஓட்டு சேத்தக்குக்கு. காரணம் அந்தத் தகடும், அந்த நான்கு விரல் சீட்டும். அம்மாவின் ஓட்டு ரிஸ்டாவுக்கு. அடுத்த சனிக்கிழமை கேனையும் எடுத்துக்கொண்டு இரண்டு ஷோரூமுக்கும் மறுபடி போகிறோம்.