'3.8-க்கு மேல்' என்றால் 3.8 உண்டா, இல்லையா?

பைத்தான் நிரல்மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) பைத்தானின் எந்தெந்தப் பதிப்புகளில் ஓடும் என்று சொல்ல ஆவணத்தில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதத்தான் எத்தனை வழிகள்! 'பைத்தான் 3.8-க்கு மேல்', 'பைத்தான் 3.8+', 'பைத்தான் 3.8 அல்லது அதற்குப் பிந்தையது', 'பைத்தான் 3.8 முதல் 3.12 வரை', 'பைத்தான் 3.8, 3.9, 3.10, 3.11, 3.12'. எழுதுபவருக்கு இவை எல்லாம் ஒன்றுதான். 3.8 வைத்திருப்பவரும் 3.13 வைத்திருப்பவரும் வாசித்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு முடிவுக்கு வருவார்கள்.

மேலா, பிந்தையதா?

'3.8-க்கு மேல்' என்பதை முதலிலேயே கழித்துவிடலாம். 3.8 சேர்த்தியா இல்லையா என்பதே தெரியவில்லை. ஒருவர் சேர்த்து வாசிப்பார், இன்னொருவர் 3.9-இலிருந்து என்று எடுத்துக்கொள்வார். '3.8+' அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறது; அட்டவணைக் கட்டத்துக்குள் இடம் குறைவாக இருந்தால் அது போதும். முழு வாக்கியத்தில் எழுதும்போது 'அல்லது அதற்குப் பிந்தையது' என்பதே என் தேர்வு. கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் ஆவண நடைக் கையேடுகளும் பதிப்புகளை உயரத்தால் சொல்லாமல் முந்தையது, பிந்தையது என்று காலத்தால் சொல்லும்படிதான் கேட்கின்றன.

காரணம், பதிப்பு எண் பார்க்கத்தான் தசம எண் போல இருக்கிறது. 2021 அக்டோபரில் பைத்தான் 3.10 வந்தபோது இது பல பேருக்கு உறைத்தது. தானியங்கிச் சோதனைக்கான அமைப்புகளை எழுதும் யாமல் கோப்பில் மேற்கோள்குறி இல்லாமல் 3.10 என்று எழுதினால் அது 3.1 ஆகிவிடும். பதிப்புச் சரத்தின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்த நிரல்களுக்கும் 3.1-தான் கிடைத்தது. கணினியே தடுமாறும் இடத்தில், புதிதாக வரும் மனிதர் 3.9-ஐவிட 3.10 சிறியது என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

எண்கள் தாவவும் செய்யும். மேக்ஓஎஸ் 10.15-க்கு அடுத்து 2020-இல் 11 வந்தது. லினக்ஸ் திரைச்சூழலான க்னோம் 3.38-இலிருந்து நேராக 40-க்குப் போனது. ஜாவா 1.8-உம் ஜாவா 8-உம் ஒன்றேதான். இந்தத் தாவல்களை எல்லாம் 'பிந்தையது' தாங்கிக்கொள்கிறது. அதிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு: பைத்தான் 3.8.20 வெளிவந்தது 2024 செப்டம்பரில், 3.12.0 வெளிவந்தது 2023 அக்டோபரில். தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தால் 3.8.20-தான் 'பிந்தையது'. நடைமுறையில் யாரும் அப்படி வாசிப்பதில்லை என்பதால் இதை விட்டுவிடலாம்.

திறந்த முனையா, பட்டியலா?

சண்டை சூடுபிடிப்பது இங்கேதான். 'பிந்தையது' என்று எழுதிய நொடியிலேயே, இன்னும் பிறக்காத பதிப்புகளுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிடுகிறோம். தொகுப்புகளைக் கட்டி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய தொகுதி பைத்தான் 3.12-இல் நீக்கப்பட்டது. 3.10-இலேயே அது கைவிடப்படப்போவதாக அறிவித்திருந்தார்கள். இருந்தும் அதை நம்பியிருந்த பல தொகுப்புகள் 3.12-இல் நிறுவும்போதே உடைந்தன. அவற்றின் ஆவணத்தில் '3.6 அல்லது பிந்தையது' என்று இருந்திருந்தால், யாரும் தொடாமலேயே அந்த வரி ஒரே நாளில் பொய்யாகியிருக்கும்.

சரி, 'முதல் 3.12 வரை' என்று மூடிவிட்டால்? அப்போது பொய் எதிர்த்திசையில் வரும். 3.13-இல் நன்றாக ஓடுகிற லைப்ரரியை, ஓடாது என்று எண்ணி வாசகர் ஒதுக்கிவிடுவார். ஆவணத்தில் எழுதிய அதே வரம்பைத் தொகுப்பின் தகவல் கோப்பிலும் போட்டுவிட்டால் தொல்லை இன்னும் பெரிது. புதிய பைத்தான் வைத்திருப்பவருக்கு, மேல்வரம்பு போடாத ஏதோ ஒரு பழைய வெளியீட்டைத் தேடிப்பிடித்து நிறுவிவிடும், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப். அது ஓடாமல் விழுந்தாலும், எதனால் விழுந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

என் கணக்கில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. கணினி வாசிக்கும் கோப்பில் கீழ்வரம்பு மட்டும், முனை திறந்தே இருக்கட்டும். மனிதர் வாசிக்கும் பக்கத்தில் பதிப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும் பட்டியல். இதில் நான் பார்த்தவற்றுள் பிடித்தது, பைத்தானில் வலைத்தளங்கள் கட்ட உதவும் ஜாங்கோவின் அட்டவணை. ஜாங்கோ 4.2-க்கு எதிரே 3.8, 3.9, 3.10, 3.11, 3.12 என்று எழுதி, 3.12-க்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் '4.2.8-இல் சேர்க்கப்பட்டது' என்று இருக்கும். ஜாங்கோ 4.2.3-ஐயும் பைத்தான் 3.12-ஐயும் வைத்துக்கொண்டு தலையைச் சொறிபவருக்கு அந்த அடைப்புக்குறி மட்டுமே விடை. '3.8+' என்றோ '3.12 வரை' என்றோ எழுதியிருந்தால் அதைச் சொல்லவே வழியில்லை.

'வரை' என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. '1.4 வரை' என்றால் 1.4.9 அடங்குமா? பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். '<=1.4' என்று எழுதினால் பிப் 1.4.9-ஐ ஏற்காது; ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் ஏற்கும். ஒரே குறி, இரண்டு பொருள். வாக்கியத்தில் '1.4 தொடரின் எல்லா வெளியீடுகளும் உட்பட' என்று நாலு சொல் கூட்டிவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

கூரைக்குறியும் (^) அலைக்குறியும் (~) இதே கதைதான். என்பிஎம்மில் ^1.2.3 என்பது 2.0.0-க்கு முன்பு வரை போகும், ^0.2.3 என்பதோ 0.3.0-க்கு முன்பே நின்றுவிடும். இவை கணினிக்கான குறிகள், ஆவண வாக்கியத்தில் வேண்டாம்.

ஓடும், சோதித்தோம், ஆதரவு உண்டு

எண்ணை எவ்வளவு சரியாக எழுதினாலும், அதற்குப் பக்கத்தில் வரும் வினைச்சொல் மங்கலாக இருந்தால் பயனில்லை. 'ஓடும்' என்பது ஒரு செய்தி. 'சோதித்தோம்' என்பது நடந்து முடிந்த ஒன்று. அதைச் சரிபார்க்கவும் முடியும். 'ஆதரவு உண்டு' என்பது வாக்குறுதி: உடைந்தால் நாங்கள் பார்ப்போம். பல ஆவணங்கள் மூன்றையும் 'ஆதரிக்கப்படுகிறது' என்ற ஒரே சொல்லில் திணித்துவிடுகின்றன.

விண்டோஸ் 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 14-உடன் அதன் வழக்கமான ஆதரவு முடிந்தது. மறுநாள் காலை எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. விண்டோஸ் 10 ஓடும், ஆனால் கட்டணமோ தனி ஏற்பாடோ இல்லாமல் வழக்கம்போலத் திருத்தம் வந்துகொண்டிருக்காது. 'ஆதரவு இல்லை' என்பதை 'ஓடாது' என்று வாசித்துப் பதறுபவரும், 'ஓடும்' என்பதை 'ஆதரவு உண்டு' என்று வாசித்து நிம்மதியாக இருப்பவரும் ஒரே மங்கலான சொல்லுக்குத்தான் பலியாகிறார்கள். இரண்டாமவர் நிலைதான் மோசம்.

பைத்தான் தன் பதிப்புகளை இந்த விஷயத்தில் தெளிவாகப் பிரிக்கிறது. பிழைத்திருத்தம் வரும் காலம், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும் காலம், அப்புறம் முடிவு. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸும் அப்படியே: இரட்டை எண் பதிப்புகளே நீண்டகால ஆதரவு நிலைக்குப் போகும், அந்தக் காலத்துக்குள்ளேயும் முழுப் பராமரிப்பு ஒரு கட்டம், அவசியத் திருத்தம் மட்டும் அடுத்த கட்டம். சின்ன லைப்ரரிக்கு இவ்வளவு படிகள் தேவையில்லை. '3.8-இல் ஓடலாம், நாங்கள் சோதிப்பதில்லை, அதில் மட்டும் வரும் பிழைகளைத் திருத்த மாட்டோம்' என்று மூன்று துண்டு வாக்கியங்கள் போதும். முகத்தில் அடித்தாற்போல இருக்கிறதே என்று தயங்குபவர்கள் உண்டு. பிழை அறிக்கை எழுதி மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

'கடைசி இரண்டு பதிப்புகள்'

எண்ணே எழுதாமல் 'கடைசி இரண்டு பதிப்புகள்' என்று எழுதுவது கவர்ச்சியான வழி. பக்கத்தைப் புதுப்பிக்கவே வேண்டாம். ஆனால் எப்போதைய கடைசி? பிரௌசர் பட்டியலைத் தீர்மானிக்கும் பிரௌசர்ஸ்லிஸ்ட் கருவியில் 'ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு' என்று கேட்டால், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10-உம் 11-உம் சேர்ந்துவிடும், ஏனென்றால் அதன் கடைசி இரண்டு அவைதாம். செத்தவற்றை நீக்கு என்று தனியாக ஒரு கட்டளை போட வேண்டியிருக்கிறது.

பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸும் கடைசி மூன்று சிறு பதிப்புகள் (எண்ணின் இரண்டாம் இடம் மாறுபவை) என்றுதான் விதி வைத்திருக்கிறது. அங்கே அது வேலை செய்கிறது, ஏனென்றால் விதிக்குக் கூடவே ஒவ்வொரு பதிப்பின் முடிவுத் தேதியும் வெளியிடப்படுகிறது. அதன் பாகங்களுக்கு இடையிலான பதிப்பு வித்தியாச விதியும் படிக்க வேண்டிய ஒன்று. கட்டளை அனுப்பும் கருவியான குபெக்டில், அந்தக் கட்டளையைப் பெறும் ஏபிஐ சர்வரைவிட ஒரு சிறு பதிப்பு முன்னேயோ பின்னேயோ இருக்கலாம். ஒவ்வொரு கணினியிலும் ஓடும் குபெலெட், சர்வரைவிட மூன்று பின்னே இருக்கலாம், முன்னே போகவே கூடாது. இப்படி விதியைச் சொன்ன கையோடு, சர்வர் இந்த எண்ணில் இருந்தால் மற்றவை இந்த எண்களில் இருக்கலாம் என்று உண்மையான எண்களைப் போட்டும் காட்டுகிறார்கள். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் இடத்தில் வெறும் வாக்கியம் தோற்றுவிடும். எண் போட்ட எடுத்துக்காட்டோ அட்டவணையோ வேண்டும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. 22.04 என்ற எண்ணிலேயே 2022 ஏப்ரல் இருக்கிறது. ஐந்தாண்டு வழக்கமான ஆதரவு என்றால் 2027 ஏப்ரல் என்று விரல்விட்டே எண்ணிவிடலாம். எண்ணில் தேதி இல்லாத மற்றவர்கள் தேதியைப் பக்கத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். 'தற்போது', 'இப்போதைக்கு', 'புதிய பதிப்பு' ஆகியவை எழுதிய நாளில் மட்டுமே பொருள் தருபவை.

ஆகவே நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'பைத்தான் 3.10, 3.11, 3.12, 3.13 ஆகியவற்றில் ஒவ்வொரு வெளியீட்டையும் சோதிக்கிறோம். இவற்றில் வரும் பிழைகளைத் திருத்துவோம். 3.13-க்கான ஆதரவு எங்கள் லைப்ரரியின் 2.4.1 வெளியீட்டில் சேர்ந்தது. 3.14-இல் இன்னும் சோதிக்கவில்லை, நிறுவத் தடையில்லை. பைத்தான் 3.9-க்குக் கடைசியாகப் பொருந்தும் வெளியீடு 2.2.7.' எண்கள் கற்பனை, வடிவம்தான் முக்கியம்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பெரும்பாலான திட்டங்கள் எழுதுவதே இல்லை. ஒரு பதிப்பைக் கைவிடும் நாளில் பட்டியலிலிருந்து அதன் எண்ணை அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பழைய சர்வரை உடனே மாற்ற முடியாதவர் எந்த வெளியீட்டில் நின்றுகொள்வது என்று வெளியீட்டுக் குறிப்புகளைப் பின்னோக்கிப் புரட்டத் தொடங்குவார். எண்ணை அழிக்கும் அதே திருத்தத்திலேயே இந்த வரியையும் சேர்க்கலாம், ஏனென்றால் விடை அப்போது கையிலேயே இருக்கும்.