மூன்று வருடம், ஒரு 365 ரோச், எங்கள் வளவுப் பூக்கள்

இருட்டில் பூக்களுக்குப் புற ஊதா ரோச் அடித்து, அவை ஒளிர்வதைப் படமெடுப்பது 2022 மின்வெட்டுக் காலத்தில் தொடங்கிய பழக்கம். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவ்வளவு நல்ல இருட்டு அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவேயில்லை. இந்த வேலைக்கு இருட்டுத்தான் முதல் சாமான்.

முதலில் வாங்கியது கள்ளநோட்டுப் பார்க்கிற மலிவு ரோச், ஒளியின் அலைநீளம் 395 நனோமீற்றர். அதில் கண்ணுக்குத் தெரிகிற ஊதா வெளிச்சமும் தாராளமாக வரும். எந்தப் பூவை எடுத்தாலும் ஊதா சாயம் ஊற்றியது போலவே படம் வந்தது. பிறகுதான் 365 நனோமீற்றர் ரோச் வாங்கினேன். முகப்பில் ZWB2 என்ற கறுப்புக் கண்ணாடி போட்டது. ரோச்சைவிட அந்தக் கண்ணாடிக்குக் கொடுத்த காசுதான் பிரயோசனம் என்பேன். மிச்சமிருக்கும் ஊதாவை அது பிடித்து நிறுத்திவிடும். பள்ளிக்கூடத்தில் கழியூதா என்று படித்தோமே, அந்தப் புற ஊதாக் கதிர்தான் பூவில் விழும். பூ அதை வாங்கி, கண்ணுக்குத் தெரிகிற வேறு நிறத்தில் திருப்பித் தரும். அதைப் பிடிக்கச் சாதாரண கமராவே போதும்.

செவ்வரத்தையை வைத்துச் சொல்கிறேன். பகலில் கண்ணைப் பறிக்கிற சிவப்பு இதழ் இந்த ஒளியில் கறுத்து ஒதுங்கிவிடும். நடுத்தண்டில் ஒட்டியிருக்கிற மகரந்த மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணிப் பார்க்கலாம் என்கிற மாதிரி எரியும். கீழே காம்பும் இலையும் கருஞ்சிவப்பு. பச்சையம் தான் உறிஞ்சிய ஒளியில் கொஞ்சத்தைச் சிவப்பாக வெளிவிடுவதால் வருகிற நிறம் அது. முதல் தரம் பார்த்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

கமராவுக்கு என் கணக்கு இதுதான்: முக்காலி, லென்ஸ் துவாரம் எஃப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 200, ஷட்டர் இருபது செக்கன். கமரா நிறத்தைக் கணிக்கிற வெள்ளைச் சமநிலையை 'பகல் வெளிச்சம்' என்ற அமைப்பில் பூட்டிவிட வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும்போது ரோச்சைப் பூவைச் சுற்றி மெல்ல அசைப்பேன். சோளகம் வீசுகிற மாதங்களில் வெளியே எடுக்கவே முடியாது, இருபது செக்கனுக்கு எந்தப் பூவும் அசையாமல் நிற்காது. அந்த நாட்களில் கிளையோடு முறித்துக் கொண்டுவந்து அறைக்குள் எடுக்கிறேன்.

நான் மாதக்கணக்காகப் பாடுபட்டது தூசியோடு. சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கிற பொருள் இந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிடும். வேட்டியிலிருந்து பறந்த ஒரு நூலிழை இதழில் கிடந்தால் போதும், படம் போச்சு. வெள்ளைச் சேட்டே பூவின் மேல் நீலம் அடிக்கும். இப்போது கறுப்புச் சேட்டுப் போட்டு, பூவைக் காற்றூதியால் ஊதிவிட்டுத்தான் தொடங்குவேன்.

ரோச்சில் 18650 பற்றரி ஒன்று. தொடர்ந்து எரித்தால் ரோச்சின் உடம்பு சூடேறி வெளிச்சம் இறங்கும், அதனால் இடையிடையே நிறுத்தி ஆறவிடுகிறேன். கடற்காற்றுக்கு ரோச்சின் திருகு மரையில் அரிப்புப் பிடித்தது, துடைத்த பிறகு சரி. கண் விஷயம் மட்டும் விளையாட்டில்லை. வெளிச்சம் மங்கலாகத் தெரிவதால் இருட்டில் கண்மணி விரிந்தபடியே இருக்கும், கதிர் நேரே உள்ளே போகும். புற ஊதாவைத் தடுக்கிற கண்ணாடி இல்லாமல் ரோச்சைத் தொடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

அம்மாவுக்கு இந்த ரோச் பிடித்துப்போனது வேறு காரணத்தால். "தம்பி, அங்கால அடிச்சுப் பார், வேலிக்கரையில தேள் கிடக்கும்" என்பா. தேள் இந்த ஒளியில் நீலப்பச்சையாக மின்னும். கிடுகு அடுக்கினடியில் இரண்டைக் கண்டிருக்கிறோம்.

படங்களைப் பார்த்த பெறாமகள் கேட்டாள், "சித்தப்பா, தேனீக்கு இப்பிடித்தானே தெரியும்?" பலரும் அப்படித்தான் நம்பிப் பகிர்கிறார்கள். இல்லை. இது பூ வெளிவிடுகிற, நாங்களும் காணக்கூடிய ஒளி. தேனீ காண்பது இதழில் பட்டுத் தெறிக்கிற புற ஊதாவை. சூரியகாந்தி எங்களுக்கு முழு மஞ்சள். புற ஊதாவில் இதழின் நுனிப்பக்கம் வெளிச்சம், அடிப்பக்கம் இருட்டு. அதைப் படமெடுக்கக் கமராவுக்குள் இருக்கிற தடுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், புற ஊதாவை உள்ளே விடுகிற லென்ஸும் தனிப் பில்டரும் வேண்டும். நான் அதில் இன்னும் இறங்கவில்லை.

எனக்கு இப்போது பைத்தியம் நாலுமணிப் பூவில். அந்திமந்தாரை என்றும் சொல்வார்கள். மாலையில் விரிவதால் இரவு வேலைக்கு நல்ல தோது. அதன் மஞ்சள் நிறமி நீல ஒளியை வாங்கிப் பச்சையாக ஒளிரும் என்று 2005 இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் நேச்சர் என்ற அறிவியல் சஞ்சிகையில் எழுதினார்கள். ஊதா நிறமி அந்தப் பச்சையை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் கிணற்றடிச் செடியில் இரண்டு நிறமும் கலந்து கோடு விழுந்த பூக்கள் பூக்கும். 365ஐ வைத்துவிட்டு நீல ரோச் அடித்து, அந்த நீலம் கமராவுக்குள் போகாமல் தடுக்க லென்ஸில் மஞ்சள் பில்டர் போட்டேன். மஞ்சள் பட்டை பச்சையாக எழும்பியது, ஊதாப் பட்டை அப்படியே இருண்டு கிடந்தது. மிளகு போலக் கறுத்த விதைகளை ஒரு போத்தலில் சேர்த்து வைத்திருக்கிறேன். மழை தொடங்க மதிலோரம் முழுக்கப் போடப்போகிறேன்.