பெத்தனிகால் மாத்திரையா, டியூபா?

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து முப்பது வருடம். மூத்திரப்பையின் நரம்புகள் மரத்துவிட்டன. பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்த பிறகும் ஸ்கேனில் மூத்திரம் 380 மில்லி மிச்சம் நின்றது. பிராஸ்டேட் அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று பெத்தனிகால் மாத்திரை. இன்னொன்று, தினமும் நான்கைந்து முறை நாமே மூத்திரத் துவாரம் வழியாக மெல்லிய டியூப் விட்டு நீரை எடுத்துவிட்டு உருவிவிடுவது. இரண்டையும் பார்த்தாயிற்று. என் ஓட்டு டியூபுக்குத்தான்.

மாத்திரை மூத்திரப்பையின் தசையைச் சுருங்க வைக்கிறது. ஆஸ்துமா, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். அடைப்பு இருந்தாலும் கூடாது. விழுங்குவது சுலபம், உண்மைதான்.

சிக்கல் வெறும் வயிற்றில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது இரண்டு மணி நேரம் கழித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். அதுவும் தினம் மூன்று வேளை. இன்சுலின் போடுகிறவருக்கோ நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். "முன்னாடியா பின்னாடியான்னு யோசிக்கிறதுலயே பொழுது போகுதுப்பா" என்பார். ஒருநாள் இட்லி சாப்பிட்ட கையோடு போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைய வியர்வை, வாயில் எச்சில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று பதறி விரலில் குத்திப் பார்த்தால் 142. மாத்திரையின் வேலை! அப்புறம் ஒவ்வொரு வியர்வைக்கும் இதே சந்தேகம்: லோ சுகரா, மாத்திரையா? ஐந்து வாரத்தில் விரல் நுனியெல்லாம் புள்ளி. மிச்சமும் பெரிதாகக் குறையவில்லை.

ஐந்து வாரத்தை வைத்து மருந்தையே குறை சொல்ல முடியாது. பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு தற்காலிகமாக நீர் பிரியாதவர்களுக்கும் இதைக் கொடுப்பதுண்டு. அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

டியூபைப் பார்த்ததும் எனக்கே குலை நடுங்கியது. ஆனால் 1972லேயே அமெரிக்காவின் மிச்சிகனில் லாபிடஸ் என்ற சிறுநீரக மருத்துவர் சொல்லிவிட்டார்: ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், மூத்திரப்பையை நிரம்பி வழிய விடாததுதான் முக்கியம். முதல் வாரம் அப்பாவின் கை நடுங்கியது, டியூப் வழுக்கிப் போகத் தடவும் ஜெல்லி தரையெல்லாம் சிந்தியது. இரண்டாவது வாரம் என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டு மாதத்தில் ஒருமுறை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தது. டியூப் செலவும் மாதாமாதம் உண்டு.

போன வாரம் ஒரு கல்யாணம். டியூப் வைத்த மஞ்சப்பையோடு ஓரமாகப் போய்விட்டு வந்தவர், முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்.