டாக்கர் கம்போஸ்: ஒரே மடிக்கணினியில் மூன்று தரவுத்தளங்கள்

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ரெடிஸ் மூன்றையும் தனித்தனியாக இன்ஸ்டால் செய்துவிட்டு, புராஜெக்ட்டுக்கு ஒரு வெர்ஷன் என்று அல்லாடுகிறவர்கள், பல கன்டெய்னர்களை (மென்பொருள் தனித்தனியாக ஓடும் பெட்டிகள்) ஒன்றாக இயக்கும் டாக்கர் கம்போஸுக்கு யோசிக்காமல் மாறலாம். ஒரே யாம்ல் கோப்பு (அமைப்புகளை எழுதும் உரைக்கோப்பு), ஒரே 'அப்' கட்டளை. மூன்றும் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் சும்மா கிடைக்கும் செட்டிங்கை அப்படியே விட்டால் கை சுடும்.

பலரும் சிக்குவது கடவுச்சொல்லில். போஸ்ட்கிரெஸுக்குக் கடவுச்சொல் தராவிட்டால் கன்டெய்னர் உடனே நின்றுவிடும். காரணம் லாகிலேயே இருக்கும், பரவாயில்லை. பிறகு கோப்பில் அதை மாற்றினாலும் பழைய கடவுச்சொல்தான் செல்லும் என்பதுதான் தலைவலி. வால்யூம் (தரவு சேமிக்கப்படும் இடம்) காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே அந்த மதிப்பு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தரவு வேண்டுமென்றால் உள்ளே நுழைந்து 'ஆல்டர் ரோல்' கட்டளையால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வேண்டாமென்றால் எல்லாவற்றையும் நிறுத்தும் 'டவுன்' கட்டளையோடு '-வி' சேர்த்துப் போடுங்கள். அந்த ஓரெழுத்து, கோப்பில் உள்ள மைஎஸ்க்யூஎல் வால்யூமையும் சேர்த்தே துடைத்துவிடும். 'நிச்சயமா?' என்றுகூடக் கேட்காது.

இமேஜுக்கு (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) வெர்ஷன் எண் தராமல் 'லேட்டஸ்ட்' என்று போடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் 17 வரை வால்யூமை 'டேட்டா' ஃபோல்டரில் மாட்டினோம். 18இல் ஒரு படி மேலே மாட்ட வேண்டும். வெர்ஷன் எண்ணை மட்டும் மாற்றினால் கன்டெய்னர் எழாது.

போஸ்ட்கிரெஸின் போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) '5432:5432' என்று எழுதினால் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் திறந்துவிடும். பங்சார் கஃபே வைஃபையில் அது வேண்டாத வேலை; '127.0.0.1:5432:5432' என்று எழுதுங்கள். வேறொரு கன்டெய்னருக்குள்ளிருந்து இணைக்கும்போது முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் அல்ல, கோப்பில் உள்ள சர்வீஸின் பெயரைத் தர வேண்டும். வெளியே 5433 வைத்திருந்தாலும் உள்ளே 5432தான்.

ஒரு சர்வீஸை இன்னொன்றுக்காகக் காக்க வைக்கும் 'டிபென்ட்ஸ் ஆன்', அந்தக் கன்டெய்னர் தொடங்கும்வரைதான் காத்திருக்கும், தரவுத்தளம் தயாராகும்வரை அல்ல. ஹெல்த்செக் (தயாரா என்று பார்க்கும் சோதனை) வைத்து 'சர்வீஸ் ஹெல்தி' நிபந்தனை சேர்த்தால் தீரும்.

கன்டெய்னரின் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்). மலேசிய நேரம் 8 மணி முன்னால் என்பதால், காலை 8க்கு முன் எடுக்கும் ரிப்போர்ட்டில் நேற்றைய தேதி விழும். சேமிப்பதை யூடிசியிலேயே விட்டு, காட்டும் இடத்தில் மாற்றுவதே நல்லது.

கம்போஸ் இலவசம்தான், டாக்கர் டெஸ்க்டாப் (விண்டோஸ், மேக்கில் பொதுவாகப் போடும் செயலி) எல்லாருக்கும் அப்படியல்ல. நிறுவனத்தில் 250 ஊழியர்களுக்கு மேலோ, ஆண்டு வருமானம் 1 கோடி அமெரிக்க டாலருக்கு மேலோ இருந்தால் சந்தா கட்ட வேண்டும். பாயான் லெப்பாஸின் பெரிய தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் இன்ஸ்டால் செய்யுமுன் ஐடி பிரிவில் கேட்டுவிடுங்கள். லினக்ஸில் டாக்கர் எஞ்சினை நேரடியாகப் போட்டால் அந்தச் செலவு இல்லை.