வெளிநாட்டுச் செய்தி எழுத ஆசையா? நன்யாங்கா, தேசியப் பல்கலையா, லண்டனா?

அனைத்துலகச் செய்தியாளராக வேண்டும் என்கிற தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் தேடுவது அந்தப் பெயர் போட்ட பட்டப்படிப்பைத்தான். அந்தத் தேடல் வேண்டாம். சிங்கப்பூரில் இந்த வேலையின் ஒரு பாதி ஓரிடத்தில் கிடைக்கிறது, மறு பாதி இன்னோரிடத்தில். எந்தப் பாதியைக் காசு கொடுத்துப் படிப்பது, எதைக் கைப்பழக்கத்தில் கற்றுக்கொள்வது என்பதுதான் கேள்வி. என் கட்சி எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: நாடுகளைப் படியுங்கள், செய்தி எழுதுவதைப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் இது எல்லாருக்கும் ஒத்துவராது.

முதலில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். தொடர்புத் துறைப் படிப்பு என்றாலே இங்கே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது வீ கிம் வீ பள்ளிதான். 1992இல் தொடங்கி, 2006இல் முன்னாள் அதிபரின் பெயரைப் பெற்றது. செய்தி எழுதுவது, ஒளிப்பதிவு, ஒலி, ஊடகச் சட்டம் என்று கையில் தொழிலைக் கொடுக்கிறார்கள், மாணவர்களே நடத்தும் நன்யாங் கிரானிக்கல் பத்திரிகை இருக்கிறது, செய்தி அறைகளில் வேலைப் பயிற்சி கிடைக்கிறது, மாணவர் குழுவை வெளிநாட்டுக்கு அழைத்துப்போய்ச் செய்தி சேகரிக்க வைக்கும் கோ-ஃபார் என்ற பாடம் வேறு. படிக்கிற வயதில் தெரியாத ஊரில், தெரியாத மொழியில், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேட்டி எடுப்பதெல்லாம் சும்மா கிடைக்கிற அனுபவம் இல்லை.

குறை என்னவென்றால் அதே கூரைக்குக் கீழே விளம்பரம், பொதுத் தொடர்பு, திரைப்படம், ஊடக ஆய்வு எல்லாம் உண்டு. கூடப் படிக்கிறவர்களில் பலர் அந்தப் பக்கம்தான் போவார்கள், நண்பர்கள் போகிற பக்கம் நம் காலும் போகும். ஒரு நாட்டின் வரலாற்றையோ கடன் கணக்கையோ ஆழமாகப் படிக்க வேண்டுமானால் நீங்களாகத்தான் பாடம் தேடிப் பொறுக்க வேண்டும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் நேர் எதிர். அங்கேயும் தொடர்புத் துறை இருக்கிறது, நல்ல துறைதான், ஆனால் அதற்காக நான் அங்கே போகச் சொல்லவில்லை. அரசியல் அறிவியல், வரலாறு, பொருளியல், தெற்காசிய ஆய்வியல் இவற்றுக்காகச் சொல்கிறேன். மனிதவியல், அறிவியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, கொஞ்சம் சுவைத்துப் பார்த்த பிறகு முதன்மைப் பாடத்தை முடிவு செய்யலாம், இரண்டு பாடங்களைச் சேர்த்தும் எடுக்கலாம். இங்கே உங்கள் முதல் பத்தியை யாரும் திருத்தித் தரமாட்டார்கள். மாலை ஆறு மணிக்குள் கொடு என்று யாரும் கழுத்தில் உட்காரமாட்டார்கள். நாலு வருடம் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளை முக்கியமான விஷயத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்கும், அதை மாற்ற ஒரு நல்ல பத்திரிகை ஆசிரியருக்கே ஆறு மாதம் பிடிக்கும்.

சரி, வேலை என்று வந்தால் எது கைகொடுக்கும்? நம் ஊரிலேயே நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலை 14 அன்று, மக்கள் போராட்டத்தால் நாட்டை விட்டு ஓடிய இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச மாலத்தீவிலிருந்து சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினார், இங்கிருந்தே பதவி விலகல் கடிதம் மின்னஞ்சலில் கொழும்புக்குப் போனது. நன்யாங்கில் படித்தவருக்கு எங்கே நிற்பது, யாரை அழைப்பது என்று தெரியும். அடைக்கலம் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று வெளியுறவு அமைச்சு சொன்னதும் அதைச் செய்தியின் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றும் தெரியும். இது சின்னத் திறமை இல்லை. பழகாதவர் அந்த நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார்.

ஆனால் இரவு எட்டு மணிக்குப் பத்திரிகை ஆசிரியர் கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி. அடுத்த அதிபரை மக்கள் தேர்ந்தெடுப்பார்களா, நாடாளுமன்றமா? நாடாளுமன்றம்தான், ஜூலை 20இல் ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளோடு வந்தார். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தினார்களே, அதற்கும் 2019 வரிக்குறைப்புக்கும் 2021 இரசாயன உரத் தடைக்கும் என்ன தொடர்பு? கொழும்பில் போராட்டக் களமாக இருந்த காலிமுகத் திடல் பொங்கிய அளவுக்கு யாழ்ப்பாணம் ஏன் பொங்கவில்லை? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத, உள்நாட்டுப் போர் முடிந்த 2009ஐயும் அதற்கு முன்னால் இருந்த முப்பது வருடத்தையும் தெரிந்திருக்க வேண்டும், அவசரத்துக்குத் தேடிப் படித்து எழுதினால் வாசகனுக்கு, அதுவும் தமிழ் வாசகனுக்கு, இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். முதல் வகைத் திறமையை வேலையில் சேர்ந்து ஓராண்டில் தேற்றிவிடலாம். இரண்டாவதற்கு அந்த ஓராண்டில் நேரமே கிடைக்காது. நான் ஒரு பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, இதைப் பள்ளியில் யாரும் சொல்வதில்லை. ராய்ட்டர்ஸ், புளூம்பெர்க் போன்ற செய்தி நிறுவனங்கள் சிங்கப்பூரில் கொடுக்கிற வேலைகளில் கணிசமானவை போர்முனை வேலைகள் அல்ல. எண்ணெய், கப்பல், நாணயம், செம்பனை எண்ணெய்தான். 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா செம்பனை எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தி மே மாதம் மறுபடி திறந்ததே, அதுவும் அனைத்துலக அரசியல்தான், இந்தியச் சமையலறை வரைக்கும் பாய்ந்த அரசியல். பொருளியல் படித்தவருக்கு இங்கே கதவு சீக்கிரம் திறக்கும்.

நன்யாங் வளாகத்தில் ராஜரத்தினம் பெயரில் இருக்கும் அனைத்துலக ஆய்வுப் பள்ளியையும் சிலர் கேட்கிறார்கள். அது முதுநிலைப் படிப்புக்கு, பள்ளி முடித்த கையோடு அல்ல. ஒரு வேடிக்கை பாருங்கள்: வட்டுக்கோட்டையில் பிறந்த ராஜரத்தினம் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனார், போர் குறுக்கிட்டுப் பட்டம் வாங்காமல் பத்திரிகையாளராகி, பிறகு நமக்கு முதல் வெளியுறவு அமைச்சரானார். வீ கிம் வீயோ பத்திரிகை அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கி, 1966இல் ஜகார்த்தா போய் சுகார்த்தோவைப் பேட்டி கண்டவர். இரண்டு பேரிடமும் இதழியல் பட்டம் இல்லை! இதைச் சொல்லி அம்மா அப்பாவிடம் வாதாட வேண்டாம், அந்தக் காலம் வேறு.

வெளிநாடு? இளநிலைக்கே லண்டன் என்றால் வீட்டில் பணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உபகாரச் சம்பளம் வேண்டும். இங்கே குடிமக்களுக்கு அரசாங்க மானியம் போக ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்குள் கல்விக் கட்டணம் அடங்கிவிடுகிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இதழியல் முதுநிலைக்கே, தங்குமிடம் எல்லாம் சேர்த்து, ஒரு லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டும். இரண்டு, மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்திலோ சென்னையின் ஏசிஜே இதழியல் கல்லூரியிலோ ஓராண்டு படிப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. சென்னை மலிவு, வகுப்பு ஆங்கிலத்தில் என்றாலும் தெருவில் நம் தமிழ் செல்லும். ஹாங்காங் ஒரு காலத்தில் முதல் தேர்வாக இருந்திருக்கும், அரசாங்கத்தை விமர்சித்த ஆப்பிள் டெய்லி நாளிதழ் 2021இல் மூடப்பட்ட பிறகு யோசித்துத்தான் போக வேண்டும்.

எங்கே சேர்ந்தாலும் ஒரு மொழி எடுங்கள். தமிழ் தெரிந்ததால் யாழ்ப்பாணம், சென்னை, கோலாலம்பூர் மூன்றையும் நேரடியாக வாசிக்க முடிகிறது, வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அநேகமாக இது இருக்காது. அதோடு இந்தோனேசிய மொழியும் சேர்ந்தால் பக்கத்து நாடு கைக்குள். இரண்டு பல்கலைக்கழகங்களிலும் மொழி மையம் உண்டு, தனியே காசு கட்டவேண்டியதில்லை.

யார் எங்கே? ஒரு வரி கூடப் பத்திரிகைக்கு எழுதியதில்லை, கெடு வைத்தால்தான் கை ஓடும், ஆள்களிடம் பேசக் கூச்சம் என்றால் நன்யாங். தினமும் உலகச் செய்தி படித்து, ஏன் இப்படி என்று வீட்டில் எல்லாரையும் நச்சரிக்கிற பிள்ளை என்றால் தேசியப் பல்கலைக்கழகம், ஆனால் முதலாண்டிலிருந்தே மாணவர் பத்திரிகையிலும் விடுமுறைக்கு ஒரு செய்தி அறையிலும் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் நான் சொன்னது எல்லாம் வீண். ஊடக நிறுவன உபகாரச் சம்பளம் கிடைத்தால் கையெழுத்துப் போடும் முன் எந்தப் பிரிவில் எத்தனை வருடம் என்று கேளுங்கள். வெளிநாட்டுச் செய்திப் பிரிவு எல்லா இடத்திலும் சின்னது, ஒப்பந்தக் காலம் முழுக்க உள்ளூர்ச் செய்தியிலேயே போகலாம். அதுவும் மோசமில்லை என்பேன், ஆனால் தெரிந்து போடுங்கள்.