சொந்தத் தொட்டியா, டேங்கர் லாரியா, போர்வெல்லா? மருத்துவமனைக்கு எது சரி

மருத்துவமனைக்குக் குழாயில் தண்ணீர் வருவது நின்றால் குடிநீரை எப்படியும் கேன்களில் வாங்கிச் சமாளித்துவிடலாம். திண்டாட்டம் மற்றதில்தான்: கை கழுவ, கருவிகளைக் கிருமிநீக்க, கழிப்பறைக்கு, டயாலிசிஸுக்கு. உள்நோயாளி ஒருவருக்கு நாளுக்கு 40 முதல் 60 லிட்டர், ஓர் அறுவைச் சிகிச்சைக்கு 100 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2008 கணக்கு. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்குச் சுத்திகரித்த நீர் மட்டுமே சுமார் 120 லிட்டர் போகும், அதைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீர் தனி.

எங்கள் சிறிய மருத்துவமனைக்கு மூன்றையும் அலசிவிட்டு, இரண்டு நாள் தேவைக்கான தொட்டி கட்டினோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

டேங்கருக்கு முதலீடும் வேண்டாம், இடமும் வேண்டாம். ஆனால் தட்டுப்பாடு வந்தால் எல்லோரும் அதே லாரிகளைத்தான் கூப்பிடுவார்கள். தரம் இன்னொரு கவலை. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், வறட்சிக் காலத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குச் சரியாகச் சுத்திகரிக்காத நீர்த்தேக்கத் தண்ணீர் லாரியில் வந்தது. அதிலிருந்த நீலப்பச்சைப்பாசி நச்சால் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள்.

தொட்டியென்றால் கவலையில்லை என்றும் சொல்ல மாட்டேன். தேங்கும் தண்ணீரில் குளோரின் நாளுக்கு நாள் குறையும். வெதுவெதுப்பாக இருந்தால் நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். 'அவசரத்துக்கு மட்டும்' என்று தனியாக நிரப்பி மூடிவைத்த தொட்டி, அவசரம் வரும்போது உதவாது. ஆகவே தினசரிப் புழக்கத் தண்ணீர் முழுவதும் தொட்டி வழியாகவே போக வேண்டும். நுழைவுக் குழாய் ஒரு கோடியிலும் வெளிக்குழாய் எதிர்க்கோடியிலும் இருக்கட்டும், இல்லாவிட்டால் மூலையில் பழைய தண்ணீர் அப்படியே கிடக்கும். இரண்டு அறைகளாகக் கட்டினால் ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று ஓடும். பெரிதாகக் கட்டினால் பாதுகாப்பு என்ற ஆசையும் வேண்டாம்: ஐந்து நாள் கொள்ளளவு என்றால், குழாய்க்கு வரும் தண்ணீரின் வயதும் ஏறக்குறைய ஐந்து நாள்.

இதற்கெல்லாம் ஒரு ஆள் பொறுப்பேற்க வேண்டும். தொட்டியிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் குழாயில் தினமும் குளோரின் பார்க்கணும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. குறைந்தது என்று கூடுதலாகக் கலந்தால், டயாலிசிஸ் பிரிவுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். குளோரினை நீக்கும் அவர்களுடைய கார்பன் வடிகட்டி அதைத் தாங்காவிட்டால், நோயாளியின் சிவப்பணுக்கள் சிதையும். அப்புறம், நின்ற குழாய் மீண்டும் வரும்போது முதலில் வருவது கலங்கல். அதைத் தொட்டிக்குள் விட்டால் இருக்கிற நல்ல தண்ணீரும் கெடும். நுழைவு வால்வை மூடி, கலங்கல் வெளியே போக ஒரு வழி வைத்தது நாங்கள் செய்த மலிவான, உருப்படியான வேலை.

போர்வெல் பற்றி என் அனுபவம் குறைவு. மோட்டார் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்க வேண்டும், கடினநீர் என்றால் ஆர்.ஓ.வுக்குச் சுமை, வறட்சியில் அதுவும் வற்றலாம். நல்ல ஊற்றும் இடவசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கணக்கு மாறலாம்.

டேங்கரை நாங்களும் கைவிடவில்லை, மூன்றாம் நாளுக்காக ஒப்பந்தம் இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் பரிசோதிப்பது என்பதை அதில் எழுதி வாங்குங்கள். லாரியின் குழாய் உங்கள் தொட்டி வாயில் பொருந்துகிறதா என்று ஒருமுறை மாட்டியும் பாருங்கள்.