சீமென்ஸ் 1513ஆர் ஜோடி: ஒற்றையில் ஓடும்போது யாருக்குத் தெரியும்?

பாலக்காட்டுக் கஞ்சிக்கோடு, வாளையாறு பக்கத்து ஆலைகளில் தண்ணீர் பம்ப், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு போன்ற வேலைக்கு ரிடண்டன்ட் பிஎல்சி (ஒன்று பழுதானால் இன்னொன்று ஏற்று நடத்தும் ஆலைக் கட்டுப்பாட்டுக் கணினி ஜோடி) தேடுகிறவர்களுக்குச் சீமென்ஸின் 1513ஆர் ஜோடி தாராளமாகப் போதும். ஒரு சிபியு விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கச் சுமார் 300 மில்லிவினாடி ஆகும். பம்ப் பொறுத்துக்கொள்ளும், வேகமான லைன் பொறுக்காது. அதற்கு 1517எச்: இரு சிபியுவையும் ஒத்திசைக்கத் தனி ஃபைபர் கேபிள், சுமார் 50 மில்லிவினாடி. விலையும் அப்படியே ஏறும்.

வாங்குகிறவர்கள் மாறும் நேரத்தைக் கேட்டுவிட்டு ரன்-சோலோவை (ஒற்றைச் சிபியுவில் ஓடும் நிலை) மறந்துவிடுகிறார்கள். அந்த நிலையில் ஆலை வழக்கம்போல் ஓடும், துணை சிபியு மட்டும் நின்றிருக்கும். சிபியுவின் மெயின்ட் (பராமரிப்பு) விளக்கு மஞ்சளாக எரிவதைப் பேனல் கதவைத் திறந்தால்தான் பார்க்க முடியும். பாலக்காட்டு மேடமாத (சித்திரை) வெயிலில் ஏசி இல்லாத பேனலுக்குள் 50 டிகிரி வந்தாலே சிபியுவின் திரையும் தானாக அணைந்துவிடும் (பழுதில்லை, பயப்பட வேண்டாம்). ஆகவே ஓபி72-இல் (ரிடண்டன்சி போனால் சிபியு தானாக ஓட்டும் நிரல் பகுதி) ஒரு பிட் எழுதி, எச்எம்ஐயில் (ஆபரேட்டர் பார்க்கும் திரை) அலாரமாகக் காட்டியே ஆகவேண்டும்.

துணையை மறுபடி ரன்னுக்குத் தள்ளினால் சிங்க்அப், அதாவது இரண்டையும் ஒத்திசைக்கும் வேலை, தொடங்கும். முதன்மைச் சிபியுவின் லோட் மெமரி (நிரல் சேமிப்பு) நகலாகி, துணை மறுதொடக்கமாகி, வொர்க் மெமரியும் (ஓடும் நிரலும் தரவும்) வந்து, பின்தங்கிய நிரல் சுழற்சிகளை எட்டிப்பிடித்த பிறகே ரன்-ரிடண்டன்ட், அதாவது இரண்டும் சேர்ந்து ஓடும் நிலை. இந்த நேரத்தில் சுழற்சி நேரம் நீளும். அதன் உச்ச வரம்பை இறுக்கி வைத்திருந்தால் சிங்க்அப் பாதியில் முறியும். ஸ்பேர் சிபியுவின் ஆர்டர் எண்ணும் ஃபர்ம்வேரும் ஓடுகிற சிபியுவோடு ஒத்துப்போகாவிட்டால் சிங்க்அப் தொடங்கவே செய்யாது. அலமாரியில் கிடக்கும் ஸ்பேரை இப்போதே பார்த்துவையுங்கள். உற்பத்தி உச்சத்தில் சிங்க்அப் வேண்டாமென்றால் RH_CTRL கட்டளையால் பூட்டி, ஷிஃப்ட் மாறும்போது திறக்கலாம்.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. ஆர் வகையில் ஒத்திசைவும் புரொஃபிநெட் (கருவிகளை இணைக்கும் ஆலை நெட்வொர்க்) வளையத்தில்தான் போகிறது. வளையத்தின் இரு பக்கக் கேபிளையும் ஒரே ட்ரேயில் இழுத்து, ஒரு வெட்டில் இரண்டும் ஒருசேர அறுந்தால் இரண்டு சிபியுவும் தன்னை முதன்மை என்றே எண்ணி ஓடக்கூடும். இது நின்றுபோவதைவிட மோசம். 24 வோல்ட் சப்ளையும் தனித்தனியாக இருக்கட்டும்.

எச்எம்ஐக்குச் சிஸ்டம் ஐபியைத்தான் (ஜோடிக்குப் பொதுவான முகவரி) கொடுக்க வேண்டும். ஒரு சிபியுவின் ஐபியைக் கொடுத்தால், அது விழும்போது ஆலை ஓடும், திரை உறையும். சிபியு பக்கத்தில் ஐஓ (உள்ளீடு-வெளியீடு மாட்யூல்) மாட்ட முடியாது. எல்லாம் ஈடி 200 (தள்ளி வைக்கும் ஐஓ நிலையம்) வழியாக, எஸ்2 (இரு சிபியுவோடும் ஒரே நேரத்தில் தொடர்பு வைக்கும் வசதி) ஆதரவுள்ளதாக வாங்குங்கள். எஸ்2 இல்லாத கருவியும் ஓடும், ஆனால் மாறும்போது தொடர்பு சற்று அறுந்துதான் திரும்பும்.